புது ஊரில் எட்டாவது மாதம்: இன்னும் எதுவும் பழகவில்லை. உங்களுக்கு எப்போது பழகியது?

#1 புதுத்தடம்

வணக்கம் நண்பர்களே. வேலை நிமித்தமாகத் தனியாக வெகுதூரம் வந்து எட்டு மாதம் ஆகிறது. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. வேலை பிடித்திருக்கிறது, சம்பளம் நாள் தவறாமல் வருகிறது, வீட்டில் நல்ல வெளிச்சம், அக்கம்பக்கத்தில் யாரும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் ஒரு கணம் திகைக்கிறேன். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருக்கிறது. அதன் பிறகுதான் நான் எங்கே இருக்கிறேன் என்பது நினைவுக்கு வருகிறது.

முதல் இரண்டு மாதம் இப்படி இல்லை. கால் ஓயாமல் சுற்றினேன், படம் படமாக எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். நான்காவது மாதம் வாக்கில்தான் உள்ளே ஏதோ இறங்கிவிட்டது. இங்கே எதையும் யோசிக்காமல் செய்ய முடிவதில்லை. பஸ்ஸில் எந்தக் கதவு வழியாக ஏறுவது, வரிசையில் எவ்வளவு தள்ளி நிற்பது, மாடிப்படியில் எதிரே வருபவரைப் பார்த்துச் சிரிக்கலாமா, தலையை மட்டும் அசைத்தால் போதுமா. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அற்பம். மாலை வீடு திரும்பும்போது இந்த அற்பங்கள் எல்லாம் சேர்ந்து என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிடுகின்றன, செருப்பைக்கூடக் கழற்றத் தோன்றாமல்.

தூரம் போய் வாழ்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு எப்போது பழகியது? தானாகப் பழகியதா, நீங்கள் ஏதாவது செய்தீர்களா?

#2 நெடுவழி

ஒரு கேள்வி கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை வீட்டுக்குப் பேசுகிறீர்கள்?

நான் வந்த புதிதில் தினமும் மூன்று முறை பேசினேன். உடல் இங்கே, காது அங்கே. ஒரு கட்டத்தில் ஞாயிறு மட்டும் பேசுவது என்று முடிவெடுத்தேன். முதல் மாதம் மிகக் கடினமாக இருந்தது. அதன் பிறகுதான் நான் குடியிருக்கும் தெருவில் என்ன நடக்கிறது என்றே கண்ணில் பட்டது.

#3 புதுத்தடம்

காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. இரவில் அம்மா போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரிதாகப் பேச்சு இருக்காது. ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது.

#4 ஏட்டுச்சுவடி

நான்காவது மாதத்தில் இறங்கிவிட்டது என்கிறீர்களே, இதை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஓர் உரை நிகழ்த்தினார். 1960இல் அது அச்சில் வந்தது. 'பண்பாட்டு அதிர்ச்சி' என்ற சொல் பரவலானதற்கு அந்த உரை ஒரு முக்கியக் காரணம். முதலில் தேனிலவு போன்ற மயக்கம், அடுத்து நெருக்கடி, பிறகு மெல்லத் தேறுதல், கடைசியில் பொருந்திப்போதல் என்று அவர் படிகளை வகுத்தார். நெருக்கடிக்கு அவர் சொன்ன காரணம் உங்கள் பஸ் கதவேதான். எப்போது கைகுலுக்குவது, எப்போது ஒப்புக்கொள்வது, எப்போது மறுப்பது என்று நமக்குத் தெரியாமலேயே நம்மை நடத்திச் செல்லும் நூற்றுக்கணக்கான சிறு குறிகள் ஒரே நாளில் இல்லாமல் போய்விடுகின்றன என்றார்.

1955இல் ஸ்வெர்ரே லிஸ்கோர் என்பவர், அமெரிக்காவில் தங்கிப் படித்துத் திரும்பிய நார்வேக்காரர்கள் இருநூறு பேரிடம் விசாரித்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் தவித்திருந்தார்கள். நீங்கள் இப்போது அந்த இடைப்பட்ட பள்ளத்தில் நிற்கிறீர்கள்.

ஆனால் இதை ஒரு கால அட்டவணையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லிஸ்கோர் ஒரே ஆளைப் பின்தொடரவில்லை, வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டார். பிற்காலத்தில் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. அவர்களுக்குத் தொடக்கம்தான் மிகக் கடுமையாக இருந்திருக்கிறது, தேனிலவே இல்லை. எனவே பள்ளம் எங்கே வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பள்ளம் உண்டு என்பதும், அதிலிருந்து ஏறி வந்தவர்கள் உண்டு என்பதும் உறுதி.

#5 இரவுப்பணி

நெடுவழி சொன்னதற்கு நான் மாறுபடுகிறேன், அழுத்தமாகவே.

நான் செவிலியர். ஊரைவிட்டு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. என்னிடமும் ஒரு மூத்தவர் இதே அறிவுரையைத்தான் சொன்னார். கேட்டேன். பேச்சைக் குறைத்தேன். இந்த ஊரில் இன்னும் ஒருவரும் எனக்கு ஆகியிருக்கவில்லை. இருந்த ஒரே கயிற்றையும் நானே அறுத்துக்கொண்டேன். நான்கு மாதம் நான் யாரோடும் மனம்விட்டுப் பேசவில்லை. அந்த நான்கு மாதத்தில்தான் அப்பாவுக்கு உடல்நிலை மோசமானது. என்னைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று மறைத்துவிட்டார்கள். தினமும் பேசியிருந்தால் குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பேன். அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.

வீட்டு ஏக்கத்தை ஒரு காலத்தில் மருத்துவர்கள் நோய் என்றே வகைப்படுத்தினார்கள். யோஹானஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் 1688இல் பாசெல் நகரில் எழுதிய ஆய்வேட்டில்தான் அதற்கு 'நோஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்த பெயர் அது. பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த இளைஞன் ஒருவனைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். காய்ச்சலில் கிடந்து, பிழைக்க மாட்டான் என்று கைவிடும் நிலை வந்துவிட்டது. ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று ஏற்பாடு செய்ததுமே மூச்சு சீரானது. வழியிலேயே தேறிவிட்டான். வீடு இன்னும் வந்து சேரவில்லை, வீட்டை நோக்கிப் போகிறோம் என்ற நினைப்பே போதுமானதாக இருந்திருக்கிறது. ஏங்குகிறவர்களைப் பார்த்து 'அறுத்துக்கொள்' என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தப் பையன் நினைவுக்கு வருகிறான்.

புதுத்தடம், இன்னொன்று. இதைச் செவிலியராகச் சொல்கிறேன். மாலையில் உட்கார்ந்துவிடுவது சோர்வாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலான நாட்கள் மனம் இருண்டே கிடந்து, பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய், தூக்கமும் பசியும் கெட்டு, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை வீட்டு ஏக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். மனச்சோர்வு நோய் ஊர் மாறியவர்களுக்கும் வரும், ஊரிலேயே இருப்பவர்களுக்கும் வரும். அதற்குச் சிகிச்சை உண்டு.

#6 நெடுவழி

இரவுப்பணி, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்தபின் என் பதிவைத் திரும்பப் படித்தேன். எனக்கு அப்போது இங்கே அறைத்தோழர்கள் இருவர் இருந்தார்கள். அதை நான் எழுதவில்லை. தனியாக இருப்பவருக்கு அதே மருந்தைக் கொடுத்தது தவறு. ஆனாலும் ஒன்றரை மணி நேரம் அங்கே நடப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

#7 நிழல்மரம்

மகளே, எனக்கு அறுபத்தாறு வயது. நான்கு முறை ஊர் மாறியிருக்கிறேன். இரண்டு முறை கணவர் வேலைக்காக, ஒரு முறை என் வேலைக்காக, கடைசியாக அவர் போன பிறகு மகன் பக்கத்தில் இருக்கலாம் என்று. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு முறையும் நான் செய்த தவறு, விட்டுவந்த ஊரைப் புது ஊரில் தேடியது. ஏதாவது ஒரு தெரு, ஏதாவது ஒரு குரல், ஒரு மணம், பழையதைப் போல இருக்கிறதா என்று அலைந்தேன். கிடைக்கும். கிடைத்த மாத்திரத்தில் அது பழையது இல்லை என்பதும் தெரிந்துவிடும். வெறுங்கையோடு திரும்புவதைவிட அது பெரிய ஏமாற்றம்.

மூன்றாவது முறை அலைவதற்குத் தெம்பில்லை. குழந்தை கைக்குழந்தை, கணவருக்கு வெளியூர்ப் பயணம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா. மாலை ஐந்து மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரே பெஞ்சில் உட்காருவேன். வேறு எங்கும் போக வழியில்லாததால் தினமும் அதே பெஞ்ச். அந்தப் பெஞ்சின் இடது கைப்பிடியில் ஓர் ஆணி சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் வாரம் என் சேலை அதில் சிக்கிக் கிழிந்தது. அப்புறம் உட்காருவதற்கு முன்பே என் கை தானாகப் போய் முந்தானையை ஒதுக்கிக்கொள்ளும். ஒரு நாள் புதிதாக ஒரு பெண் வந்து அந்தப் பக்கம் உட்காரப் போனார். "பார்த்து, ஆணி இருக்கிறது" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, இந்த ஊரைப் பற்றி இன்னொருவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி இருக்கிறது என்று.

அன்றிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். பழக்கம் எங்கேயோ இருந்து கிடைப்பதில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் அதை நாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது. எனவே ஊர் முழுவதையும் பழக முயலாதே. ஒரே ஒரு இடம், ஒரே நேரம். அங்கே யாரும் உன்னோடு பேச வேண்டும் என்று எதிர்பார்க்காதே. போய் உட்கார்ந்துவிட்டு வா.

அம்மாவோடு பேசுவதைக் குறைக்காதே. ஆனால் பேசப் போகும்போது கையில் ஏதாவது கொண்டுபோ. இன்று இந்த ஊரில் நீ பார்த்த ஒன்று. பெரிதாக வேண்டாம், மழைக்கு முன் வானம் என்ன நிறத்தில் இருந்தது என்றாலும் போதும். நீ அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது போல, உன் அம்மாவும் உன் ஊரைக் கொஞ்சம் பார்க்கட்டும். என் அம்மா நான் இருந்த எந்த ஊருக்கும் வந்ததில்லை. ஆனால் அந்த ஆணியைப் பற்றிக் கடிதத்தில் விசாரிப்பார்.

#8 ஏட்டுச்சுவடி

நிழல்மரம் அம்மா சொன்னதற்கு ஆய்வுகளே சாட்சி சொல்கின்றன, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் எழுதியது: ஒன்றை அடிக்கடி பார்ப்பதே அதன்மேல் விருப்பம் வளரப் போதுமானது. அதை நேரடியாகச் சோதித்தவர்கள் ரிச்சர்ட் மோர்லேண்டும் ஸ்காட் பீச்சும். தோற்றத்தில் ஒத்த நான்கு பெண்களை ஒரு கல்லூரி வகுப்பில் உட்காரச் சொன்னார்கள். ஒருவர் பதினைந்து முறை போனார், ஒருவர் பத்து முறை, ஒருவர் ஐந்து முறை, ஒருவர் போகவே இல்லை. யாரோடும் பேசக் கூடாது என்பது கட்டளை. கடைசியில் மாணவர்களிடம் நால்வரின் படங்களையும் காட்டினால், அதிகம் வந்தவரைத்தான் அதிகம் பிடித்திருந்தது. 1992இல் வெளியான ஆய்வு இது. ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்ததற்கே இந்தப் பலன்.

நட்புக்கு மட்டும் வெறும் வருகை போதாது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கடந்த ஆறு மாதத்துக்குள் ஊர் மாறியவர்களையே தேடிப் பிடித்துக் கேட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பராகத் தொண்ணூறு மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வேலையிடத்தில் அருகருகே இருப்பதால் மட்டும் நட்பு வளர்ந்துவிடுவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரோடு கழித்தால் ஐம்பது மணி நேரம் சேர ஆறு மாதம் ஆகிவிடும். எட்டு மாதத்தில் நண்பர்கள் இல்லை என்றால் அதில் உங்கள் குணத்தின் குறை எதுவும் இல்லை. மணிக்கணக்கு இன்னும் நிறையவில்லை, அவ்வளவுதான்.

#9 எழிலி

மொழியைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. எனக்கு இடம் பழகிவிட்டது, தெருக்கள் பழகிவிட்டன. எனக்குப் பழகாதது இங்கே நான் ஆகிவிட்ட ஆள்.

என் மொழியில் நான் சட்டென்று பதில் சொல்பவள். கூட்டத்தில் முதலில் சிரிக்க வைப்பவள். இங்கே ஒரு வாக்கியத்தை உள்ளுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. அதனால் தலையசைக்கிறேன். மூன்று ஆண்டுகளாகத் தலையசைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தியைத்தான் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அமைதியானவள், சாது என்று என்னைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

உதவிய ஒன்றைச் சொல்கிறேன். மாலையில் வாரம் இரு நாள் ஒரு பாடகர் குழுவில் சேர்ந்தேன். பாட்டில் சொல் முன்கூட்டியே இருக்கிறது, தேட வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே வரியைச் சொல்கிறார்கள், என் வாயிலும் அது சரியாக வருகிறது. கடந்த மாதம் ஒத்திகையில் நடத்துநர் தவறான பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார். நான் ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்பது முக்கியமில்லை. வரிசை முழுவதும் சிரித்தது. யோசிக்காமல் வந்த முதல் வாக்கியம் அது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

புதுத்தடம், உங்களுக்கு மொழி ஒரு தடையா தெரியவில்லை. தடை என்றால், பேச்சு மட்டுமே வேலையாக இல்லாத ஒரு கூட்டத்தில் சேருங்கள். பாட்டு, ஓட்டம், தோட்ட வேலை, எதுவானாலும் கை அல்லது கால் அல்லது குரல் ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்க வேண்டும்.

#10 புதுத்தடம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. இரவுப்பணி, நீங்கள் சொன்ன குறிகளை நேர்மையாகச் சரிபார்த்தேன். தூங்குகிறேன், பசிக்கிறது, வேலையில் மனம் போகிறது. சோர்வுதான்.

நிழல்மரம் அம்மா, எனக்குப் பூங்கா பக்கத்தில் இல்லை. பஸ் நிறுத்தத்தை எடுத்துக்கொண்டேன். எப்போதும் கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் ஏறுபவள், இப்போது பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய் வலது ஓரத்தில் நிற்கிறேன். அதே நேரத்தில் சாம்பல் நிறக் கோட்டு அணிந்த வயதான பெண்மணி ஒருவர் வருகிறார். கையில் எப்போதும் துணிப்பை. இரண்டாவது வாரம் அவர் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

அம்மாவிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். அம்மா உடனே கேட்டது, "அந்தப் பையில் என்ன கொண்டுபோகிறார்?" எனக்குத் தெரியவில்லை. இப்போது தினமும் அதைத்தான் கேட்கிறார். பேச்சு நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, ஆனால் முன்பைவிட அதிகம் பேசுகிறோம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. போன வாரம் ஒரு நாள் முழுவதும் வீட்டு நினைப்பே வரவில்லை என்பதை இரவில்தான் கவனித்தேன். மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். எதையோ திருடிவிட்டது போல இருந்தது.

#11 மௌனநதி

பல நாட்களாகப் படிக்க மட்டும் செய்கிறேன். உங்கள் கடைசி வரிக்காக எழுதுகிறேன்.

நான் விரும்பி வந்தவன் இல்லை. திரும்பிப் போக எனக்கு வீடும் இல்லை. எனவே ஊரை விட்டு வந்ததைப் பற்றி இங்கே படிக்கும் அறிவுரைகளில் பாதி எனக்குப் பொருந்துவதில்லை. நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, என்னைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எங்கள் வீட்டு மாடிப்படி பதினான்கு. பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய படி, எண்ணத் தேவையில்லை, காலுக்கே தெரியும். இங்கே எனக்குக் கிடைத்த குடியிருப்பில் படி பதின்மூன்று. இரவில் விளக்குப் போடாமல் ஏறினால் மேலே வந்த பிறகும் இன்னொரு படிக்காகக் காலைத் தூக்குவேன். அங்கே படி இருக்காது. பாதம் தரையில் 'தொம்' என்று விழும். முழங்காலில் அதிர்வு போகும். கீழ்த்தளத்தில் இருந்த குடும்பத்துக்கு அந்தச் சத்தத்தை வைத்தே நான் வந்துவிட்டேன் என்று தெரியுமாம். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு இரவும் இப்படித்தான்.

ஒரு நாள் இரவு மேலே வந்து கதவைத் திறக்கச் சாவியை எடுத்தபோது உணர்ந்தேன், சத்தம் வரவில்லை. கால் பதின்மூன்றிலேயே நின்றுவிட்டது. என்றைக்கு நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றா, ஒரு மாதத்துக்கு முன்பா? சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டைக் கடைசியாக நினைவு வைத்திருந்தது என் கால்தான் என்று தோன்றியது. அதுவும் மறந்துவிட்டதே என்று அழுதேன்.

இது நடந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது சொல்கிறேன், கால் மறக்கவில்லை. கனவில் அந்த வீட்டுக்குப் போகும்போது பதினான்கையும் சரியாக ஏறுகிறேன், ஒரு முறைகூடத் தடுமாறியதில்லை. இந்தப் படியைக் கற்றுக்கொள்ள அந்தப் படியைக் காலிசெய்ய வேண்டியிருக்கவில்லை. நீங்கள் எதையும் திருடவில்லை அம்மா. உங்கள் கால் இந்த ஊரின் படியை எண்ணத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவே.

#12 நிழல்மரம்

மௌனநதி தம்பி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யவில்லை. கீழ்த்தளத்துக் குடும்பம் என்ன ஆனார்கள்?

#13 மௌனநதி

இன்னும் அங்கேயே இருக்கிறார்கள் அக்கா. சத்தம் நின்ற மறுவாரம் அந்த வீட்டு அம்மா கதவைத் தட்டி, உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று கேட்டார். இரவு நான் வந்த சத்தமே கேட்கவில்லையாம். என்றைக்கு நின்றது என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை.

#14 திசைமானி

காலின் நினைவைப் பற்றி வந்ததால் இதைச் சேர்க்கிறேன். நான் நில அளவை செய்பவன், ஆறு ஊர்களில் இருந்திருக்கிறேன்.

மூளைக்குள் இடத்துக்கென்றே தனிச் செல்கள் உண்டு. ஜான் ஓகீஃப் 1971இல் எலியின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் அவற்றைக் கண்டறிந்தார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் ஒரு குறிப்பிட்ட செல் துடிக்கும். 2005இல் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும், அளந்து போட்ட கட்டங்கள் போலத் துடிக்கும் வேறு வகைச் செல்களைக் கண்டார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. எனக்கு இதில் பிடித்தது, ஒரே செல் ஓர் அறையில் ஒரு மூலைக்கும் வேறோர் அறையில் வேறு மூலைக்கும் துடிக்க முடியும். ஒரு வரைபடத்தை அழித்துத்தான் இன்னொன்றை எழுத வேண்டும் என்ற அவசியம் மூளைக்கு இல்லை. மௌனநதி சொன்னது அறிவியலுக்கும் முரணில்லை.

புது இடத்தில் முதல் இரவு தூக்கம் வராததற்கும் காரணம் உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், புது இடத்தில் முதல் இரவில் மூளையின் இடப் பாதி வலப் பாதியைவிட லேசாகவே உறங்கியது தெரிந்தது. ஏதாவது சத்தம் கேட்டால் எழுப்ப ஒரு பாதி காவல் இருக்கிறது. உங்களுக்கு மாலையில் வரும் அயர்ச்சியும் எனக்கு இதைத்தான் நினைவூட்டுகிறது. நாள் முழுவதும் காவல் நிற்பவருக்கு அயர்ச்சி வராமல் இருக்குமா?

நான் ஒவ்வொரு ஊரிலும் செய்வது: மாதம் ஒரு முறை, போனைப் பார்க்காமல், ஒரு தாளில் ஊரை வரைவேன். கெவின் லிஞ்ச் என்ற நகரத் திட்ட அறிஞர் நகரவாசிகளை இப்படி வரையச் சொல்லித்தான் 1960இல் தம் முடிவுகளை எழுதினார். மனிதர்கள் ஊரைப் பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளச் சின்னம் என்ற ஐந்தாகத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள் என்றார். முதல் மாதத் தாளில் வீடு, வேலையிடம், நடுவே ஒரு நேர்க்கோடு மட்டும் இருக்கும். கோடு வளையத் தொடங்கும்போது ஊர் உங்களுக்குள் இறங்குகிறது என்று பொருள். தாளில் தேதி போட்டு வையுங்கள். போனில் வரும் வரைபடத்தைப் பின்தொடர்ந்து நடப்பதை மட்டும் வாரம் ஒரு நாளாவது நிறுத்துங்கள். அது வழியைக் காட்டும், ஊரைக் காட்டாது.

#15 புதுத்தடம்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். மௌனநதி ஐயா, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய் எங்கள் வீட்டுப் படியை எண்ணிவிட்டு வந்து சொன்னார், ஒன்பது. பிறந்து வளர்ந்த வீடு, எனக்கு அது எத்தனை என்று தெரிந்திருக்கவில்லை.

திசைமானி, மூன்று தாள் ஆகிவிட்டது. முதல் தாளில் நான்கு புள்ளிகளும் மூன்று கோடுகளும். இரண்டாவதில் ஒரு வளைவு வந்தது, நூலகத்துக்கு எதிரே சாலை திரும்பும் இடம். மூன்றாவதை நேற்றுக் காலை பஸ் நிறுத்தத்தில் மடியில் வைத்து வரைந்துகொண்டிருந்தேன். சாம்பல் கோட்டு அம்மா முதல் முறையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முந்தின வாரம் நான் அலுவலக வேலையாக மூன்று நாள் வெளியூர் போயிருந்தேன். "காணவில்லையே, நலம்தானே?" என்று கேட்டார். பிறகு தாளை எட்டிப் பார்த்தார்.

என் வீட்டுத் தெருவுக்கும் நூலகத் தெருவுக்கும் நடுவே நான் எதுவும் வரையவில்லை. அங்கே எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் விரலை வைத்து, இங்கே ஒரு சந்து இருக்கிறது, இரண்டு மதில்களுக்கு நடுவே, குடை விரித்துப் போக முடியாது, ஆனால் ஆறு நிமிடம் மிச்சமாகும் என்றார். என் பேனாவை வாங்கி அவரே கோடு போட்டார். கை நடுங்கியதால் கோடு சற்று நெளிந்திருக்கிறது.

பையில் என்ன என்றும் கேட்டுவிட்டேன். கம்பளி நூல். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பின்னுவாராம். அம்மாவிடம் சொன்னேன், என்ன நிறம் என்று கேட்கிறார். நான் கவனிக்கவில்லை.

இன்று மாலை மழை, குடை இல்லாமல் அந்தச் சந்துக்குள் போக முடியவில்லை. நாளை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.